லிங்க் ஸ்டேஷன் ஆக்டிவ், ஆனால் செஷன் வரவில்லை: எஸ்என்ஏ நோடுகளை இணைப்பது எப்படி?

முனைத்தேடி:

வணக்கம். ஐபிஎம்மின் எஸ்என்ஏ வலையமைப்பு முறையில் இரண்டு இணைப்புகள் அமைக்கிறேன். அமைப்பு இதுதான்: லினக்ஸ் சர்வரில் ஐபிஎம் கம்யூனிகேஷன்ஸ் சர்வர். எதிர்முனை இசட்/ஓஎஸ் ஹோஸ்ட்டில் (மெயின்ஃப்ரேமில்) வீட்டாம், அதாவது அங்கே எஸ்என்ஏவை நடத்தும் மென்பொருள். நடுவில் ஃபயர்வால், ஐபி வலையமைப்பு மட்டுமே. அதனால் என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் (எஸ்என்ஏவை ஐபி மேல் சுமக்கும் முறை) வழியாக ஒரு லிங்க் ஸ்டேஷன். இதே லினக்ஸ் சர்வரிலிருந்து ஒரே ஈதர்நெட்டில் இருக்கும் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் இன்னொரு வகை சர்வர்) ஒன்றுக்கு எல்எல்சி2-இல் (ஐபி இல்லாமல் நேரடியாக லேனில் ஓடும் முறை) இரண்டாவது லிங்க்.

முதல் லிங்க் ஆக்டிவ் என்று காட்டுகிறது. ஆனால் சிபி-சிபி செஷன் (இரு நோடுகளின் கன்ட்ரோல் பாயின்ட்டுகளுக்கு இடையிலான கட்டுப்பாட்டு செஷன்) எழும்பவில்லை. அப்ளிகேஷன் 80140001 என்று சென்ஸ் கோடு (பிழைக் குறியீடு) தருகிறது. இரண்டாவது லிங்க் ‘ஸ்டார்ட்டிங்’ நிலையிலேயே நின்று விழுந்துவிடுகிறது. பிறகு 3270 டெர்மினல்களுக்கான (மெயின்ஃப்ரேம் திரைகள்) டிபென்டென்ட் எல்யூக்களும், அதாவது ஹோஸ்ட்டின் உதவியோடு மட்டுமே செஷன் தொடங்கக்கூடிய முனைகளும், வேண்டும். அதற்குத் தனி லிங்க் தேவையா?

எந்தெந்த மதிப்பு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், எது போகத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். மேனுவலில் எல்லாப் புலங்களும் ஒரே முக்கியத்துவத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன.

---

பச்சைத்திரை:

முதலில் அடுக்கு வரிசை. நோட், அதன் கீழ் டிஎல்சி, அதன் கீழ் போர்ட், போர்ட்டின் கீழ் லிங்க் ஸ்டேஷன். டிஎல்சி என்பது எந்த வகைப் போக்குவரத்து என்று சொல்வது. போர்ட் என்பது இந்தக் கணினியின் எந்தக் கார்டு, எந்த முகவரி என்பது. லிங்க் ஸ்டேஷன் என்பது எதிரே இருக்கும் ஒரே ஒரு பக்கத்து நோட். பத்து நோடுகளோடு பேச வேண்டுமானால் போர்ட் ஒன்று போதும், லிங்க் ஸ்டேஷன் பத்து வேண்டும்.

ஒத்துப்போக வேண்டியவை என் கணக்கில் இவ்வளவுதான்.

கன்ட்ரோல் பாயின்ட் பெயர். நெட்ஐடி, புள்ளி, சிபி பெயர். இரண்டு பாதியும் தலா எட்டு எழுத்து வரை. லினக்ஸ் நோடில் எழுதியதும் வீட்டாமின் ஸ்விட்ச்ட் மேஜர் நோடில் (ஒரு வரையறைத் தொகுப்பு) பியூ (எதிர்முனை நோடைக் குறிக்கும் பதிவு) வரியில் ‘சிபிநேம்=’ என்று எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். நெட்ஐடி ஹோஸ்ட்டுடையதிலிருந்து வேறாக இருந்தால் அந்த வரியிலேயே ‘நெட்ஐடி=’ எழுத வேண்டும், இல்லாவிட்டால் வீட்டாம் தன் சொந்த நெட்ஐடியையே ஒட்டிக்கொள்ளும்.

எதிர்முனை முகவரி. ஐபி என்றால் ஹோஸ்ட்டின் எக்ஸ்சிஏ மேஜர் நோடில் (வெளி இணைப்புகளுக்கான வரையறை) சொன்ன ஸ்டாட்டிக் விஐபிஏ முகவரி, அதாவது எந்தக் கார்டையும் சாராத மெய்நிகர் ஐபி. ஹோஸ்ட்டின் நெட்வொர்க் கார்டு முகவரி அல்ல. இரண்டுக்கும் பிங் போகும், அதனால்தான் பலர் தவறானதைப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடுகிறார்கள்.

சாப் முகவரி, அதாவது லிங்க்கின் முனையில் எந்தச் சேவை என்று காட்டும் எண். வழக்கமாக இரண்டு பக்கமும் 04. மாற்றக் காரணம் இல்லை என்றால் மாற்றாதீர்கள்.

டிபென்டென்ட் எல்யூ இருந்தால் மட்டும்: பியூவின் ஐடி, அதாவது மூன்று இலக்க பிளாக் எண்ணும் ஐந்து இலக்க ஐடி எண்ணும் சேர்ந்த எட்டு ஹெக்ஸ் இலக்கம்.

லிங்க் ஸ்டேஷனின் பெயர், போர்ட்டின் பெயர், வீட்டாமில் பியூவின் பெயர் ஆகியவை உள்ளூர்ப் பெயர்கள். ஒத்துப்போகத் தேவையே இல்லை. ஒரே பெயர் வைத்தால் லாக் படிக்கும்போது கண்ணுக்கு எளிது, அவ்வளவுதான்.

உங்கள் சிபி-சிபி பிரச்சினை இந்தப் பட்டியலில் இருப்பதாகத் தோன்றவில்லை. லிங்க் ஆக்டிவ் ஆனது என்றால் எக்ஸ்ஐடி (இரு பக்கமும் தங்கள் அடையாளத்தைச் சொல்லும் செய்தி) பரிமாற்றம் முடிந்துவிட்டது. பெயர், முகவரி, சாப் எல்லாம் சரி. ஹோஸ்ட் கன்சோலில் ஐஎஸ்டி1086ஐ வந்ததா? ஐஎஸ்டி1096ஐ வந்ததா? முந்தையது ஏபிபிஎன் (நோடுகள் சமமாகப் பேசும் எஸ்என்ஏ வடிவம்) இணைப்பு ஆக்டிவ் என்பதற்கு, பிந்தையது சிபி-சிபி செஷன் எழும்பியதற்கு.

---

கம்பிவழி:

பச்சைத்திரை சார் கேட்ட இரண்டு மெசேஜில் முதலாவது மட்டும்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். ஃபயர்வாலைப் பாருங்க.

என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் ஒரு போர்ட் இல்லை, ஐந்து யூடிபி போர்ட். ஆர்எஃப்சி 2353-லேயே இருக்கு.

12000: சிக்னலிங். எக்ஸ்ஐடி, டெஸ்ட், டிஸ்கனெக்ட் எல்லாம்.
12001: நெட்வொர்க் பிரையாரிட்டி.
12002: ஹை.
12003: மீடியம்.
12004: லோ.

லிங்க் எழும்புறதும் உயிரோட இருக்கான்னு பார்க்குறதும் 12000-ல மட்டுமே நடக்கும். ஃபயர்வால் டீம் ‘12000 திறந்தாச்சு’ன்னு சொன்னா லிங்க் அழகா ஆக்டிவ் காட்டும். ஆனா சிபி-சிபி செஷனுக்கான டிராஃபிக் நெட்வொர்க் பிரையாரிட்டி, அது 12001-ல போகும். அது மூடியிருந்தா லிங்க் மேல, செஷன் கீழ. 80140001 என்பது ‘அந்த இடத்துக்குப் பாதை இல்லை’ன்னு சொல்றது. பொருந்துது.

இதே பிரச்சினையோட இன்னொரு முகம்: 12001, 12002 திறந்து 12003, 12004 மூடியிருந்தா டெர்மினல் ஓடும், பேட்ச் டிரான்ஸ்ஃபர் மட்டும் அசையாது. அப்ளிகேஷன் ஆளுங்க பேட்ச் ப்ரோக்ராமைக் குடைஞ்சிட்டு இருப்பாங்க.

ஹோஸ்ட்ல இப்படி ஒண்ணு இருக்கு, ஓட்டச் சொல்லுங்க:

டி நெட்,ஈஈடயாக்,டெஸ்ட்=யெஸ்,ஐடி=பியூ-பெயர்

ஐந்து போர்ட்டுக்கும் தனித்தனியா தட்டிப் பார்த்து எது பதில் தந்தது, எது தரலைன்னு சொல்லும். எதிர்முனை இந்தச் சோதனைக்குப் பதில் தர்ற வகையா இருக்கணும். இல்லைன்னா இரண்டு பக்கமும் பாக்கெட் கேப்சர் போட்டு ஒப்பிடறதைத் தவிர வழியில்லை.

---

முனைத்தேடி:

ஐஎஸ்டி1086ஐ மட்டுமே வந்திருக்கிறது, டிஜி எண் (இரு நோடுகளுக்கு இடையிலான இணைப்பின் எண்) 21 என்று. 1096 இல்லை. ஈஈடயாக் முடிவு: 12000-க்குப் பதில் உண்டு, மீதி நான்குக்கும் இல்லை. ஃபயர்வால் குழு ‘12000 முதல் 12004 வரை வெளிநோக்கி அனுமதி இருக்கிறது, பதில் தானாக உள்ளே வரும்’ என்கிறது.

---

கம்பிவழி:

அந்த ‘தானாக’ங்கறதுதான் இங்க வேலை செய்யாது. ஃபயர்வால் யூடிபிக்கு ஒரு நிலைப் பதிவு வெச்சிருக்கும். உள்ளிருந்து ஒரு பாக்கெட் வெளிய போனா அதே போர்ட் ஜோடிக்குப் பதில் வர கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைக்கும். 12000-ல சில நொடிக்கு ஒரு தடவை டெஸ்ட் ஃப்ரேம் ஓடிட்டே இருக்கும், அதனால அந்தக் கதவு மூடாது. 12001-ல முதல் பாக்கெட்டை ஹோஸ்ட் அனுப்பினா அது ஃபயர்வாலுக்குப் புதுசா உள்ளே வர்ற போக்குவரத்து, தள்ளிவிடும். 12004 மாதிரி அடிக்கடி ஓடாத போர்ட்டில் ஒரு தடவை வேலை செய்யும், அரை மணி கழிச்சு செய்யாது.

இரண்டு திசைக்கும், ஐந்துக்கும் தனித்தனியா நிரந்தர அனுமதி கேளுங்க. மூலப் போர்ட்டும் சேருமிடப் போர்ட்டும் இரண்டுமே 12000–12004 தான், வழக்கமான கிளையன்ட் மாதிரி தற்காலிக மூலப் போர்ட் கிடையாது. விதி எழுதும்போது இதைத் தெளிவா சொல்லணும்.

இதே காரணத்தால போர்ட்டை மாற்றுற நாட் (ஐபி முகவரி மாத்துற பெட்டி) இதுக்கு ஆகாது. மூலப் போர்ட் 12001 போய் 40 ஆயிரத்துச் சொச்சமா மாறி வந்தா ஹோஸ்ட் அதை எந்த லிங்க்கோடயும் சேர்க்காது. ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்டாட்டிக் நாட் ஓடும். கனெக்‌ஷன் நெட்வொர்க் (ஒவ்வொரு லிங்க்கையும் எழுதாமலேயே நோடுகள் நேரடியாப் பேசுற ஏற்பாடு) வெச்சிருந்தா முகவரிக்குப் பதிலா ஹோஸ்ட்நேம் போட்டாத்தான் சரியா வரும், ஏன்னா ஐபி முகவரியே எஸ்என்ஏ கன்ட்ரோல் டேட்டாவுக்குள்ள பயணிக்குது, நாட் பெட்டி அதைத் தொடாது.

அப்புறம் லினக்ஸ் சர்வரோட சொந்த ஃபயர்வால். அதை மறந்துட்டு வெளியே தேடுறவங்க ஜாஸ்தி.

---

லினக்ஸ்கோட்டை:

லினக்ஸ் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் ஹோஸ்ட்டை நோக்கி எந்த மூல முகவரியோடு பாக்கெட் கிளம்புகிறது என்பதை ரூட்டிங் அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள். ஐபி போர்ட் வரையறையில் ஒரு இன்டர்ஃபேஸ் சொல்லியிருப்பீர்கள், ஃபயர்வால் விதி வேறு முகவரிக்கு எழுதப்பட்டிருக்கும். வெளியே போகும் டம்ப்பில் ‘யூடிபி போர்ட்ரேஞ்ச் 12000-12004’ என்று வடிகட்டிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

லினக்ஸில் வரையறுக்கும் வரிசை: டிஃபைன்_ஐபி_டிஎல்சி, டிஃபைன்_ஐபி_போர்ட், டிஃபைன்_ஐபி_எல்எஸ். ஸ்னாஅட்மின் கட்டளையாகவோ எக்ஸ்-ஸ்னாஅட்மின் திரையிலோ செய்யலாம். முடிவில் எல்லாம் ஸ்னா_நோட்.சிஎஃப்ஜி கோப்பில்தான் சேரும். அதை நேரடியாகத் திருத்துவதானால் மென்பொருளை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள், ஓடும்போது தொட்டால் பின்னால் அது எழுதும் மாற்றத்தில் உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

வர்ச்சுவல் மெஷினை குளோன் செய்பவர்களுக்கு: அந்தக் கோப்பில் சிபி பெயரும் நோட் ஐடியும் அப்படியே வந்துவிடும். இரண்டு சர்வரும் ஒரே சிபி பெயரோடு எழும்பினால் ஹோஸ்ட் இரண்டையும் ஒரே நோடாக எண்ணும். அப்போது வரும் அறிகுறிகள் எந்த மேனுவலிலும் ஒழுங்காக இருக்காது: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். குளோன் எடுத்தவுடன், முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன், இந்த இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.

லிங்க் நிலை பார்க்க ‘ஸ்னாஅட்மின் ஸ்டேட்டஸ்_கனெக்டிவிட்டி’ போதும். காரணம் அங்கே கிடைக்காது, லாக் டைரக்டரியில் ஸ்னா.எர் கோப்பில் இருக்கும்.

---

முனைத்தேடி:

இரு திசையிலும் ஐந்து போர்ட்டும் திறந்த பிறகு ஐஎஸ்டி1096ஐ வந்துவிட்டது. நன்றி. அடுத்து 3270 டெர்மினல்கள். லிங்க் ஸ்டேஷனில் ‘எல்யூ டிராஃபிக்’ என்ற இடத்தில் ‘டிபென்டென்ட்’ என்று மாற்றினால் போதுமா?

---

பச்சைத்திரை:

போதாது, முடியவும் முடியாது. ஐபி வழி லிங்க் எச்பிஆர் (ஏபிபிஎன்னின் வேகமான ரூட்டிங் முறை) மட்டுமே சுமக்கும். டிபென்டென்ட் எல்யூவுக்குத் தேவையான எஸ்எஸ்சிபி-பியூ செஷன் (ஹோஸ்ட் பியூவைக் கட்டுப்படுத்துவது) அதன் மேல் நேரடியாக ஓடாது. டிஎல்யூஆர் வேண்டும், அதாவது அந்த எல்யூக்களுக்காக ஹோஸ்ட்டிடம் கேட்கும் லினக்ஸ் பக்கச் சேவை. தனி லிங்க் வேண்டாம், இப்போது இருக்கும் லிங்க்கின் மேலேயே அது ஓடும்.

லினக்ஸில் மூன்று துண்டு. ஒன்று, டிஎல்யூஎஸ் (ஹோஸ்ட் பக்கத்தில் அதற்குப் பதில் தரும் சேவை) யார் என்று சொல்வது, அதாவது ஹோஸ்ட்டின் முழு சிபி பெயர். மாற்று ஹோஸ்ட் இருந்தால் பேக்கப் டிஎல்யூஎஸ்சும் சொல்லலாம். இரண்டு, டிஃபைன்_இன்டர்னல்_பியூ: அதில் பியூ பெயரும் பியூ ஐடியும். மூன்று, டெர்மினல் எல்யூக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு என்ஏயூ எண். இந்த எண் வீட்டாமில் எல்யூ வரியில் உள்ள ‘லோக்ஆடர்=’ எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எண் 1 முதல் 255 வரை. அதற்கு மேல் டெர்மினல் தேவைப்பட்டால் இரண்டாவது பியூ.

வீட்டாமில் இரண்டு பியூ வரையறை வேண்டும், இங்கேதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள்.

முதலாவது லிங்க்கிற்கான பியூ. அதில் சிபிநேம், சிபிசிபி=யெஸ், கான்டைப்=ஏபிபிஎன், எச்பிஆர்=யெஸ், கீழே பாத் வரியில் லினக்ஸின் ஐபி முகவரியும் எக்ஸ்சிஏ குரூப்பின் பெயரும். அதன் கீழ் எல்யூ எதுவும் இருக்கக்கூடாது.

இரண்டாவது டிஎல்யூஆர் பியூ. அதில் ஐடிபிளாக், ஐடிநம், அதன் கீழ் எல்யூக்கள். லினக்ஸ் பக்கமிருந்து கூப்பிடுவதானால் பாத் வரி வேண்டாம்.

இரண்டுக்கும் ஒரே ஐடிபிளாக், ஐடிநம் எழுதினாலோ, அல்லது லினக்ஸ் நோடின் சொந்த நோட் ஐடியும் டிஎல்யூஆர் பியூ ஐடியும் ஒன்றாக இருந்தாலோ என்ன நடக்கும் பாருங்கள். லிங்க் எழும்பும்போது வரும் எக்ஸ்ஐடியில் நோட் ஐடி இருக்கிறது. வீட்டாம் அதை வைத்துத் தேடி எல்யூக்கள் இருக்கும் பியூவைக் கண்டுபிடித்து, அதையே லிங்க்கிற்கு எடுத்துக்கொள்ளும். பிறகு டிஎல்யூஆர் அதே பியூவைக் கேட்டு வரும்போது அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும், மறுத்துவிடும். சிபி-சிபி ஓடும், எல்யூ எல்லாம் இறந்து கிடக்கும். ஆகவே லிங்க் பியூவில் சிபிநேம் மட்டும் எழுதுங்கள், ஐடிபிளாக் எழுதவே வேண்டாம். டிஎல்யூஆர் பியூவில் ஐடி மட்டும். ஸ்விட்ச்ட் பியூவைத் தேடும் வரிசையைச் சொல்லும் எஸ்டபிள்யூஎன்ஆர்டர் ஸ்டார்ட் ஆப்ஷன் முன்னிருப்பாக சிபி பெயரைத்தான் முதலில் பார்க்கும், அது உங்களுக்குச் சாதகம்.

விண்டோஸ் பக்கத்து மென்பொருள்களில் முன்னிருப்பு நோட் ஐடி 05டி00000 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கணினியும் அதையே அனுப்பினால் ஹோஸ்ட்டுக்கு வேறுபாடு தெரிய சிபி பெயர் ஒன்றுதான் மிச்சம்.

---

லினக்ஸ்கோட்டை:

பியூவை முன்கூட்டி எழுதுவதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எக்ஸ்சிஏ குரூப்பில் டைன்பியூ=யெஸ் போட்டால் வீட்டாமே லிங்க் பியூவை உருவாக்கிக்கொள்ளும். நூறு கிளை நோடு இருக்கும் இடத்தில் நூறு வரையறை எழுதி, ஐபி மாறும் ஒவ்வொரு தடவையும் திருத்துவது தேவையற்ற சுமை.

---

பச்சைத்திரை:

கிளை நோடுகளுக்குச் சரி. முக்கிய சர்வருக்கு நான் ஒப்பமாட்டேன். தானாக உருவாகும் பியூவுக்குத் தானாகவே ஒரு பெயர் வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கன்சோலில் அந்தப் பெயர் விழுந்தால் ஆபரேட்டருக்கு எந்தச் சர்வர் என்று தெரியாது. யார் வேண்டுமானாலும் இணையலாம் என்ற பாதுகாப்புக் கேள்வியும் இருக்கிறது. டைன்பியூ வைத்தால் குறைந்தது ஃபயர்வாலில் மூல முகவரியைக் கட்டுப்படுத்துங்கள்.

எப்படி வைத்தாலும் எக்ஸ்சிஏ குரூப்பில் லைன் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு லிங்க்கிற்கு ஒரு லைன். ஆட்டோஜென்=(20,…) என்று இருந்தால் இருபத்தொன்றாவது நோடு உள்ளே வர இடமில்லை. அந்த நோடில் பார்த்தால் ‘ஸ்டார்ட்டிங்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும், எந்த உள்ளமைவும் தவறாக இருக்காது.

---

கம்பிவழி:

ஏஎஸ்/400 லிங்க்குக்கு வர்றேன். எல்எல்சி2-ல எழும்புற வரிசை: டெஸ்ட் ஃப்ரேம், பதில் வந்தா எக்ஸ்ஐடி, அது ஒத்துப்போனா சப்மி (இணைப்புக் கோரிக்கை), பதிலுக்கு யூஏ (ஏற்பு). கேப்சர் போட்டு எந்தப் படியில நிக்குதுன்னு பாருங்க.

டெஸ்ட்டுக்கே பதில் இல்லைன்னா மேக் முகவரி தப்பு, அல்லது நடுவுல ரவுட்டர் இருக்கு. எல்எல்சி2-ல ஐபி கிடையாது, ரவுட்டரைத் தாண்டாது. தாண்டணும்னா ரவுட்டர்கள்ல டிஎல்எஸ்டபிள்யூ (எல்எல்சி2-வை ஐபி மேல கடத்துறது) ஓடணும், அல்லது இதையும் என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டருக்கு மாத்தணும். கிளவுட்ல இருக்கிற வர்ச்சுவல் நெட்வொர்க்ல ஐபி அல்லாத ஃப்ரேம் பெரும்பாலும் நகரவே நகராது, அங்க இதுக்கு மெனக்கெட வேண்டாம்.

மேக் முகவரில ஒரு பழைய பொறி இருக்கு. டோக்கன் ரிங்ல ஒவ்வொரு பைட்டோட பிட்டும் ஈதர்நெட்டுக்குத் தலைகீழ் வரிசைல எழுதுவாங்க. டோக்கன் ரிங் காலத்து ஆவணத்துல

40 00 10 20 12 01

னு இருந்தா ஈதர்நெட்ல அது

02 00 08 04 48 80

பைட்டோட வரிசை மாறாது, ஒவ்வொரு பைட்டுக்குள்ள எட்டு பிட்டும் திரும்பும். 12-ங்கறது 0001 0010, திருப்பினா 0100 1000, அதாவது 48. முகவரி 40-ல தொடங்குதுன்னா உடனே சந்தேகப்படுங்க.

டெஸ்ட்டுக்குப் பதில் வந்து எக்ஸ்ஐடிக்கு வரலைன்னா சாப் தப்பு, அல்லது எதிர்முனைல அந்த சாப்ல யாரும் காத்திருக்கலை. சாப் நாலோட மடங்கா இருக்கணும்: 04, 08, 0சி இப்படி. ஒரே இரண்டு கார்டுக்கு நடுவுல இரண்டு லிங்க் வேணும்னா ஏதாவது ஒரு பக்கம் சாப்பை மாத்தியே ஆகணும். ஏன்னா ஒரு லிங்க்கை அடையாளம் காட்டுறது நாலு விஷயம் சேர்ந்து: இந்தப் பக்க மேக், சாப், அந்தப் பக்க மேக், சாப். நாலும் ஒண்ணா இருந்தா அது அதே லிங்க்தான்.

டெஸ்ட் அனுப்புறது கேப்சர்ல தெரியுது, எதிர்முனை அசையலைன்னா ஃப்ரேம் வகையையும் பாருங்க. 802.3-ல 802.2 தலைப்போட அனுப்பறது ஒரு முறை, ஈதர்நெட் 2 ஃப்ரேம்ல 80டி5 வகை எண்ணோட அனுப்பறது இன்னொண்ணு. இரண்டு பக்கமும் வேற வேற முறைல இருந்தா ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேட்கவே கேட்காது.

---

முனைத்தேடி:

டெஸ்ட்டுக்குப் பதில் வருகிறது, எக்ஸ்ஐடி இரண்டு தடவை போய் வருகிறது, பிறகு ஏஎஸ்/400 துண்டிக்கிறது.

---

லினக்ஸ்கோட்டை:

அப்படியானால் முகவரி, சாப், ஃப்ரேம் வகை எல்லாம் சரி. எக்ஸ்ஐடியின் உள்ளடக்கத்தில் ஒரு புலம் பிடிக்கவில்லை. டிஎல்சி ட்ரேஸ் போடுங்கள், ‘ஸ்னாஅட்மின் ஆட்_டிஎல்சி_ட்ரேஸ்’. லிங்க்கை ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட் செய்து விழவிட்டு ட்ரேஸை நிறுத்துங்கள். பிறகு ஃபார்மட் செய்து கடைசியாக எதிர்முனை அனுப்பிய எக்ஸ்ஐடியின் வாலைப் பாருங்கள். கன்ட்ரோல் வெக்டர் 22 என்று ஒன்று ஒட்டியிருந்தால் அதில் எந்த பைட்டில், எந்த பிட்டில் முரண்பாடு என்று எண் இருக்கும். நீங்கள் அனுப்பிய எக்ஸ்ஐடியில் அந்த இடத்தை எண்ணிப் போனால் குற்றவாளி கையில் சிக்கும். ஊகிப்பதைவிட இது வேகம்.

ஊகித்தே ஆக வேண்டும் என்றால் சந்தேகிக்க வேண்டியவை: எதிர்முனையில் உங்கள் சிபி பெயரை வேறாக எழுதியிருப்பது, டிஜி எண் முரண்பாடு, எஸ்டிஎல்சி (பழைய சீரியல்) லைன் என்றால் இரண்டு பக்கமும் பிரைமரி என்று வைத்திருப்பது. லேன் லிங்க்கில் பங்கை ‘நெகோஷியபிள்’ என்றே விடுங்கள்.

---

முனைத்தேடி:

வெக்டர் 22 இருந்தது. அது காட்டிய பைட் டிஜி எண். ஏஎஸ்/400-இல் ஏற்கெனவே இதே சிபி பெயருக்கு ஒரு பழைய கன்ட்ரோலர் விவரிப்பு, டிஜி எண் 1 என்று நிலையாக எழுதப்பட்டு இருந்தது. நான் இங்கே 2 என்று போட்டிருந்தேன். இரண்டையும் 1 ஆக்கியதும் எழும்பிவிட்டது.

இன்னும் ஒன்று. ஹோஸ்ட் லிங்க்கில் சின்னத் திரைகள் ஓடுகின்றன, பெரிய கோப்பு பரிமாற்றம் தொடங்கிய சில நொடியில் உறைகிறது. ஐந்து போர்ட்டும் ஈஈடயாக்கில் சரி என்று வருகிறது.

---

கம்பிவழி:

பாக்கெட் அளவு. நடுவுல ஐபிசெக் டனல் இருக்கும், கேட்டுப் பாருங்க.

என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் பாக்கெட் ஒவ்வொண்ணுக்கும் 31 பைட் சுமை: ஐபி 20, யூடிபி 8, எல்எல்சி 3. எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1500 உள்ள பாதைல எஸ்என்ஏ பக்கம் 1469 வரை போகலாம். டனல் வந்து பாதையோட எம்டியூ 1400 ஆச்சுன்னா 1369-க்கு மேல போனா துண்டாகும். துண்டான ஐபி பாக்கெட்ல முதல் துண்டுல மட்டும்தான் யூடிபி போர்ட் எண் இருக்கும். இரண்டாவது துண்டு எந்த விதிக்குள்ள வருதுன்னு தெரியாம பல ஃபயர்வால் தூக்கிப் போட்டுடும். ஈஈடயாக் அனுப்பறது சின்ன பாக்கெட், அதனால அது எல்லாம் சரின்னு சொல்லும்.

துண்டாக்காதேங்கற பிட்டோட பெரிய பிங் அனுப்பி எந்த அளவு வரை போகுதுன்னு கண்டுபிடிங்க. பிங்ல சொல்ற அளவோட 28 சேர்த்தா எம்டியூ. அப்புறம் லினக்ஸ் போர்ட்ல அதிகபட்ச பாக்கெட் அளவை அதுக்குள்ள இறக்குங்க, ஹோஸ்ட்ல பியூ வரையறைல எம்டியூ போடச் சொல்லுங்க. ரொம்பக் கீழ இறக்காதீங்க, எச்பிஆருக்குக் குறைஞ்சது 768 வேணும். மாத்தினதுக்கு அப்புறம் லிங்க்கை இறக்கி ஏத்துங்க. ஏற்கெனவே ஓடுற ஆர்டிபி குழாய் (எச்பிஆர் போடுற முனைக்கு முனை தொடர்பு) உருவானப்ப கண்ட அளவையே பிடிச்சிட்டு இருக்கும்.

---

பச்சைத்திரை:

உறைந்த செஷன் உடனே விழாததற்கும் காரணம் உண்டு. எச்பிஆர் மாற்றுப் பாதை கிடைக்குமா என்று காத்திருக்கும். வீட்டாமில் எச்பிஆர்பிஎஸ்டி முன்னிருப்பு: லோ 8 நிமிடம், மீடியம் 4, ஹை 2, நெட்வொர்க் 1. ஆகவே கோப்பு பரிமாற்றம் எட்டு நிமிடம் கழித்து விழுந்தால் தவறு எட்டு நிமிடத்துக்கு முன் நடந்தது. லாக்கில் அந்த நேரத்தைப் பாருங்கள்.

லிங்க்கும் அப்படித்தான். ஹோஸ்ட் எக்ஸ்சிஏ-யில் லிவ்டைம் (சோதனை இடைவெளி) 10 நொடி, எஸ்ஆர்கியூடைம் (பதிலுக்குக் காத்திருப்பு) 15, எஸ்ஆர்கியூரீட்ரை (மறுமுயற்சிகள்) 3 என்று முன்னிருப்பாக இருந்தால் எதிர்முனை செத்ததை ஹோஸ்ட் அறிய 10 + 15 × 4, அதாவது 70 நொடி ஆகும். சீக்கிரம் தெரியட்டும் என்று இதை 10 நொடிக்கு இறக்குபவர்கள் உண்டு. ஸ்விட்ச்சில் பழைய ஸ்பானிங் ட்ரீ இருந்தால் ஒரு கேபிள் மாற்றத்துக்கு 50 நொடி வரை பாதை மூடும் (20 + 15 + 15). 70 அதைத் தாங்கும், 10 தாங்காது. உங்கள் எல்எல்சி2 லிங்க்கின் டைமர்களையும் இதே கணக்கில் பாருங்கள், அவை வழக்கமாக இதைவிடப் பொறுமை குறைந்தவை.

---

லினக்ஸ்கோட்டை:

மீண்டும் எழுப்புவது பற்றி ஒரு வார்த்தை. யார் அழைப்பது என்பதை ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்டில் டிடபிள்யூஇனாப்=யெஸ் (விழுந்தால் மீண்டும் அழை), லினக்ஸில் ரியாக்டிவேட் இரண்டும் இருந்தால் துண்டிப்புக்குப் பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் மோதும். நான் லினக்ஸ் பக்கம் வைப்பேன்: நோட் ஸ்டார்ட்டில் ஆக்டிவேட், விழுந்தால் ரியாக்ட் டைமர், முயற்சி எண்ணிக்கை 65535, அதாவது எல்லையில்லை. ஹோஸ்ட்டில் லைன் ஆன்சர்=ஆன் என்று காத்திருந்தால் போதும். ஆபரேட்டர் ஸ்டாப் செய்த லிங்க் இதனால் தானாக எழும்பாது, அதை ஸ்டார்ட்_எல்எஸ் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

யாரும் தொடாதபோது லிங்க் தானாக இறங்குகிறது என்றால் ‘லிமிடெட் ரிசோர்ஸ்’ புலத்தைப் பாருங்கள். செஷன் எதுவும் இல்லாவிட்டால் லிங்க்கை மூடு என்று அதற்கு அர்த்தம், டயல்-அப் காலத்துக்கு உரியது. ஹோஸ்ட்டில் அதற்கு இணை டிஸ்கன்ட். இரண்டிலும் ‘நோ’.

நோட் வகை எண்ட் நோட் என்றே இருக்கட்டும். நெட்வொர்க் நோட் ஆக்கினால் டோபாலஜி மாற்றங்கள் எல்லாம் உங்களையும் வந்தடையும், பிறருடைய செஷன்களும் உங்கள் வழியாகக் கடக்கக்கூடும். கீழே வேறு கணினிகள் தொங்கினால் மட்டும் பிராஞ்ச் நெட்வொர்க் நோட் யோசிக்கலாம்.

---

முனைத்தேடி:

1369 வைத்ததும் பரிமாற்றம் முழுதாக முடிகிறது. கடைசிக் கேள்வி: ஹோஸ்ட்டுக்கு இரண்டாவது பாதையாக இன்னொரு லிங்க் ஸ்டேஷன் வைத்தால் இரண்டிலும் சிபி-சிபி கேட்க வேண்டுமா?

---

பச்சைத்திரை:

அதே ஹோஸ்ட்டுக்கு இரண்டு லிங்க் என்றால் இரண்டிலும் அனுமதி வைக்கலாம், ஓடுவது ஒரே ஜோடிதான். சிபிஎஸ்விசிஎம்ஜி என்ற மோடில் இரண்டு செஷன் தெரியும். அதில் ஒன்று மட்டும் தெரிந்தால் பாதி வழியில் நிற்கிறது என்று பொருள். டிஜி எண்ணை இரண்டிலும் 0 என்று விடுங்கள், தாமாகவே 21-இலிருந்து வேறு வேறு எண்ணைப் பேசி எடுத்துக்கொள்ளும். நிலையான எண் வேண்டுமானால் 1 முதல் 20-க்குள், இரண்டு லிங்க்கிற்கும் வெவ்வேறாக, இரண்டு பக்கமும் ஒன்றாக.

வேறு ஹோஸ்ட்டுக்கு என்றால் எண்ட் நோட் ஒரு நேரத்தில் ஒரு நெட்வொர்க் நோட் சர்வரை மட்டுமே வைத்துக்கொள்ளும். இரண்டாவது லிங்க்கிலும் சிபி-சிபி ஆதரவை ‘யெஸ்’ என்று வைத்தால், முதல் ஹோஸ்ட் போனதும் அங்கே தாவும். டிஎல்யூஆருக்கான பேக்கப் டிஎல்யூஎஸ் பெயரை அதோடு சேர்த்து எழுதிவிடுங்கள். அதை விட்டால் சிபி-சிபி தாவும், டெர்மினல்கள் தாவாது. எல்யூ வரையறைகள் உள்ள மேஜர் நோட் இரண்டாவது ஹோஸ்ட்டிலும் ஆக்டிவாக இருக்க வேண்டும்.